வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டை பாய்லரோட திரும்ப பேர் பண்றது எப்படி

பேட்டரி மாத்தின பிறகோ, கரண்ட் போய் வந்த பிறகோ ரூம் சூட்டை கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்ல தீ படம் ஜோரா எரியும், ஆனா வீட்டை சூடாக்குற கேஸ் பாய்லர் அது பாட்டுக்கு சும்மா கெடக்கும். ரூம்ல இருக்குற ஹீட்டிங் ரேடியேட்டர் எல்லாம் ஜில்லுனு இருக்கும். எங்க வீட்லயும் இதே கதைதான், சரி பண்ண கையோட எழுதிடறேன்.

சுவத்துல மாட்டுற தெர்மோஸ்டாட் ஒண்ணு, பாய்லர் பக்கத்துல இருக்குற ரிசீவர் ஒண்ணு, ரெண்டும் ரேடியோவுல பேசிக்குது, அந்த ரெண்டையும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் தெரிஞ்சுக்க வைக்கிறதுதான் பேர் (pair) பண்றது, அதாவது பேரிங். ரிசீவர்ல இருந்து பாய்லருக்கு வயர் போகுது. நாம கை வைக்கப்போறது அந்த ரேடியோ தொடர்புல மட்டும்தான், வயர்ல இல்ல. பாய்லர் மூடியை மட்டும் தொடவே தொடாதீங்க, அது கேஸ் வேலை தெரிஞ்ச ஆளோட வேலை. ரிசீவர் மூடிக்குள்ளயும் மெயின்ஸ் கரண்ட் இருக்கும், அதையும் கழட்டத் தேவையே இல்ல.

ஸ்டெப் 1: கோளாறு எங்கன்னு பாருங்க

எல்லாரும் நேரா பேரிங்குக்கு போயிடறாங்க. அதுக்கு முன்னாடி ரிசீவர்ல இருக்குற மேனுவல் பட்டனை (தெர்மோஸ்டாட் இல்லாமலே கையால ஹீட்டிங்கை ஆன் பண்ற பட்டன்) ஒரு தடவை லேசா அழுத்துங்க. உள்ள 'டிக்'னு ரிலே (உள்ள இருக்குற ஸ்விட்ச்) சத்தம் கேட்டு கொஞ்ச நேரத்துல பாய்லர் பத்திக்கிச்சுன்னா வயரும் பாய்லரும் நல்லா இருக்கு, ரேடியோதான் விட்டுப்போச்சு, மேல படிங்க. டிக் சத்தம் வந்தும் பாய்லர் எரியலைன்னா எத்தனை தடவை பேர் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. பாய்லர்ல இருக்குற குமிழ், குழாய் படத்துல மட்டும் (வெந்நீர் மட்டும்) நிக்குதா, ரேடியேட்டர் படமும் சேர்ந்த இடத்துல (ஹீட்டிங்கும் சேர்த்து) நிக்குதான்னு பாருங்க, வெயில் காலத்துல திருப்பி வச்சுட்டு அப்படியே மறந்துடறவங்க நிறைய பேர். செக் பண்ணி முடிச்சதும் மறக்காம மேனுவலை ஆஃப் பண்ணிடுங்க.

ஸ்டெப் 2: பேட்டரி

புது ஆல்கலைன் பேட்டரி, எல்லாமே ஒரே செட்ல இருந்து. ரீசார்ஜ் பண்ற பேட்டரி வேண்டாம், அது 1.2 வோல்ட், தெர்மோஸ்டாட் எதிர்பார்க்குறது 1.5, டிஸ்ப்ளே எரியும் ஆனா சிக்னல் தடுமாறலாம்.

ஸ்டெப் 3: பழைய தொடர்பை அழிங்க

இந்த இடம்தான் என்னை ரொம்ப நேரம் சுத்த வச்சுது. நிறைய மாடல்ல ரிசீவர்ல ஒரே பட்டன்தான், லேசா தட்டினா மேனுவல் ஆன், சில செகண்ட் பிடிச்சா பேரிங் மோட், அதுக்கும் மேல பிடிச்சா மெமரியே காலி. கூட வர்ற மேனுவல் புக்ல இதை ஒரே வரியில சொல்லிட்டு போயிடறாங்க. லைட் வேகமா மின்னுதா மெதுவா மின்னுதாங்கிறதை வச்சுதான் எந்த மோட்ல இருக்கோம்னு தெரியும், அதை கண்ணால எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, போன்ல வீடியோ எடுத்துட்டு மேனுவல் புக்கோட ஒப்பிட்டுப் பாருங்க, டார்ச்சை விட ஸ்க்ரூடிரைவரை விட இந்த வேலைக்கு போன் கேமராதான் உருப்படியான டூல். ஏற்கனவே வேற தெர்மோஸ்டாட்டோட பேர் ஆன ரிசீவரா இருந்தா, முதல்ல மெமரியை அழிச்சுட்டு அப்புறமா பேரிங் மோடுக்கு போறதுதான் நல்லது, பழசு உள்ளயே உக்காந்திருந்தா சில ரிசீவர் புதுசை ஏத்துக்காது.

ஸ்டெப் 4: பேரிங்

ரிசீவரை பேரிங் மோட்ல வைங்க, உடனே தெர்மோஸ்டாட்ல இன்ஸ்டாலர் மெனுவுக்குள்ள (மாட்டுறவங்களுக்கான செட்டிங் மெனு) போய் பேரிங் சிக்னல் அனுப்புங்க. ரிசீவர் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், அதனால மெனு எங்க இருக்குன்னு முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க. தெர்மோஸ்டாட்டை கழட்டி ரிசீவர் கிட்ட கொண்டு வாங்க, ஆனா ஒட்டி வைக்காதீங்க, ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், ரொம்ப பக்கத்துல வச்சா காதுல மைக் வச்சு கத்துற மாதிரி சிக்னல் பிசிறிடும். லைட் மின்னுறது நின்னா பெரும்பாலும் முடிஞ்சுது.

ஸ்டெப் 5: டெஸ்ட்

ரூம் டெம்பரேச்சரை விட 3 டிகிரி கூட்டி வைங்க. உடனே எரியலைன்னு பதறி திரும்ப ரீசெட் பண்ணிடாதீங்க. பேட்டரி மிச்சமாகணும்னு தெர்மோஸ்டாட் விட்டு விட்டுதான் சிக்னல் அனுப்பும், பாய்லரும் அணைஞ்ச உடனே திரும்ப பத்தாம கொஞ்சம் இடைவெளி விடும். சில நிமிஷம் பொறுங்க. அப்புறம் தெர்மோஸ்டாட்டை பழைய இடத்துல மாட்டி அங்கிருந்தும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, பக்கத்துல வேலை செஞ்சது தூரத்துல செய்யாமலும் போகலாம். நடுவுல பெரிய கண்ணாடி, ஃப்ரிட்ஜ், வெந்நீர் டேங்க், ஃபாயில் ஒட்டின சுவர் இருந்தா சிக்னல் சாகும், தெர்மோஸ்டாட்டை ஒரு அடி நகர்த்தினாலே சில சமயம் சரியாயிடும்.

அப்டேட்: ரவுட்டர் மாத்தினதால இப்படி ஆச்சான்னு சிலர் கேட்டாங்க. பெரும்பாலான மாடல்ல தெர்மோஸ்டாட்டும் ரிசீவரும் பேசுறது வைஃபைல இல்ல, அவங்களுக்குள்ள தனி ரேடியோ. ரவுட்டர் மாறினா போன்ல இருக்குற தெர்மோஸ்டாட் ஆப் வேலை செய்யாது, ஆனா சுவத்துல இருக்குற தெர்மோஸ்டாட்ல கூட்டினா ஹீட்டிங் வரணும். அப்படி வந்துச்சுன்னா பேரிங்கை தொடாம ஆப்ல வைஃபை செட்டிங்கை மட்டும் மாத்துங்க.

இன்னொரு அப்டேட்: வீட்ல ரெண்டு ரிசீவர் இருக்குறவங்க ஒவ்வொண்ணா பேர் பண்ணுங்க, ஒரே நேரத்துல ரெண்டையும் பேரிங் மோட்ல விட்டா மாடி தெர்மோஸ்டாட் கீழ் வீட்டை சூடாக்கிடலாம். மேனுவல் புக் தொலைஞ்சவங்க மாடல் நம்பர் போட்டு நெட்ல தேடுங்க, தெர்மோஸ்டாட் நம்பர் வேற, ரிசீவர் நம்பர் வேற, ரெண்டுமே தேவைப்படும்.