டிரைபாயிண்டா, எட்சிங்கா?
பிரான்சின் தோவில் கடற்கரையில் பாய்மரப் படகும் கையுமாகத் திரிந்த ஓவியர் பால் எல்யூ (1859–1927), வைரமுனை ஊசியால் செப்புத் தகட்டில் நேரடியாகக் கீறி, மை பூசி அச்செடுக்கும் டிரைபாயிண்ட் முறையில் படம் படைத்தவர். அத்தகைய அச்சுப்படம் கைக்கு வந்தால் முதலில் பூதக்கண்ணாடியை எடுங்கள். கோட்டோரம் வெல்வெட் போல மை கசிந்து நின்றால் அது டிரைபாயிண்ட். ஊசி உழுது எழுப்பிய செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் வரும் அழகு அது. அமிலம் அரித்த எட்சிங் கோடோ சீராக, முனை மழுங்கித் தெரியும்.

பிசிறு மென்மையானது. தகட்டுக்கு எஃகு முலாம் பூசாவிட்டால் சில பத்துப் பிரதிகளுக்குள் நசுங்கிவிடும். ஆகவே கோடு வெளிறியிருந்தால் பிந்தைய பிரதியோ என்று சந்தேகப்படுங்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கோடே இல்லாமல் வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? பர்ஸை மூடிவிடலாம், அது புத்தகம், இதழ் போன்றவற்றுக்காக இயந்திரத்தில் அச்சான நகல்.