மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

மூடிக்கிடக்கும் ஆலை நிலம் விலைக்கு வந்தால் முதலில் வில்லங்கச் சான்று எடுக்கிறோம். முப்பது வருடமாக யார் யாருக்கு விற்றார்கள், அடமானம் இருக்கிறதா என்று துருவிப் பார்க்கிறோம். அந்த முப்பது வருடமும் அங்கே என்ன செய்தார்கள், கழிவை எங்கே கொட்டினார்கள் என்று கேட்பதில்லை. முதல் தவறு இதுதான்.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், நிலத்தில் கழிவு புதைந்திருப்பதைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல், பாதியில் கைவிட்ட லவ் கால்வாயில் சுமார் 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, மேலே களிமண் போட்டு மூடியது. 1953-இல் அந்த நிலம் பள்ளி நிர்வாகத்துக்கு 1 டாலருக்குக் கைமாறியது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. சாக்கடைக்கும் சாலைக்கும் தோண்டியதில் களிமண் மூடி உடைந்தது. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சரி, மண்ணைச் சோதிக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். நாலு மூலையில் நாலு குழி தோண்டிவிட்டு 'சுத்தம்' என்று அறிக்கை வாங்குவது அடுத்த தவறு. கழிவு ஒரே சீராகப் பரவியிருக்காது. பீப்பாய் எங்கே நின்றது, கழுவிய தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடியது என்பது ஓய்வுபெற்ற தொழிலாளிக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டிவந்து காட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் குழி தோண்டுங்கள்.

மதில் சுவரோடு ஆலை முடிந்துவிடுகிறது என்று நினைப்பதும் தவறு. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்படக் காரணமே, பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததுதான். 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குப் போனது. ஆனால் ஆலை வளாகத்து மண் அங்கேயே இருந்தது. அதில் எவ்வளவு பாதரசம் மிஞ்சலாம் என்பதில் வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்று அதிகாரிகள் அளவு வைத்தார்கள். போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் போராடினார்கள். போராடியவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலைக்காடு இருக்கிறது. மழைத் தண்ணீர் சரிவில்தான் இறங்கும். மேட்டில் வீடு கட்டலாமா என்பதை மட்டும் வைத்து அளவை முடிவு செய்தால், கீழே ஓடும் தண்ணீரும் மீனும் கணக்கில் விட்டுப்போகின்றன.

தண்ணீர் என்றதும் ராணிப்பேட்டை நினைவுக்கு வருகிறது. அங்கே மூடிப்போன குரோமேட் ஆலையில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிந்தது. இப்படிப்பட்ட நிலத்தில் கட்டட வேலைக்கென்று அவசரமாக ஆழ்துளைக் கிணறு போடாதீர்கள். சரியாகக் குழாய் இறக்கி அடைக்காவிட்டால், மேல்மட்டத்து நஞ்சு ஆழத்திலுள்ள நல்ல தண்ணீரில் இறங்க நாமே வழி செய்துகொடுத்ததாகிவிடும்.

இடிக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுத்தியலால் உடைக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, தகடு தகடாக முழுசாக இறக்க வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயைத் தரையில் ஊற்றக் கூடாது. தோண்டிய மண்ணை 'பள்ளம் நிரப்ப' என்று அடுத்த ஊருக்கு லாரியில் அனுப்புவது மன்னிக்க முடியாத தவறு. அங்கேயும் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

திறப்பு விழாவோடு கணக்கை முடித்துவிடுவதும் தவறுதான். அமெரிக்காவின் சியாட்டிலில் 1956-இல் நின்றுபோன எரிவாயு ஆலை 1975-இல் அழகான பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1984-இல் மண்ணில் மாசு தெரிந்து, அதைச் சில காலம் மூடவேண்டி வந்தது. அதனால் கண்காணிப்புக் கிணறுகளுக்கும் வருடாந்தரச் சோதனைக்கும் முதல் நாளே பணம் ஒதுக்குங்கள். சோதனை முடிவுகளைக் கிரயப் பத்திரத்தோடு இணைத்து, அடுத்து வாங்குபவரிடம் கொடுங்கள். அதைப் படித்துவிட்டாரா என்றும் கேளுங்கள்.