பார்க்காமலே வாங்கின ஸ்விஃப்ட், ஆர்சியில நின்ன லோன்

நான் இருக்கிறது நாகர்கோவில், வண்டி சென்னையில, 2017 ஸ்விஃப்ட் டீசல். லீவு கிடைக்காததால வீடியோ கால்லயே பேசி முடிச்சேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல முங்குன வண்டியோன்னு ஒரே பயம், சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டுங்கண்ணேன்னு ஓனர்கிட்ட சொன்னேன், ஏன்னா தண்ணி ஏறியிருந்தா உள்ள சுருண்டு கிடக்கிற பகுதியில சேத்துக்கறை நிக்கும், வெளிய என்னதான் கழுவினாலும் அங்க கவனிக்க மாட்டாங்க. சுத்தமா இருந்துச்சு, அட்வான்ஸ் போட்டுட்டேன்.

அப்புறம்தான் வண்டி விவரம் காட்டுற எம்பரிவாஹன் ஆப்ல பார்த்தா ஆர்சியில ஹைப்பாதிகேஷன்னு, அதாவது வண்டி மேல லோன் இருக்குன்னு, பேங்க் பேர் அப்படியே நிக்குது. பகீர்னு ஆயிடுச்சு. லோன் எப்பவோ கட்டியாச்சு தம்பிங்கிறார் ஓனர், கட்டினா மட்டும் போதாது, ஆர்சியில அதை நீக்கணும், இல்லன்னா பேர் மாத்துறப்ப சிக்கல். மிச்சப் பணத்தை நிறுத்தி வச்சேன். அவரும் நல்ல மனுஷன், பேங்க்ல பாக்கி இல்லைங்கிற என்ஓசி வாங்கி, லோன் பதிவை நீக்குற ஃபார்ம் 35 போட்டு ஆர்டிஓவுல நீக்கிக் கொடுத்தார், பதினேழு நாள் ஆச்சு. ஆப்ல அந்த வரி காலியானதைப் பார்த்தப்புறம்தான் பாக்கியை அனுப்பினேன், பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டு வண்டியோடவே அனுப்பிட்டார். இப்ப ஆர்சி என் பேர்ல இருக்கு.