ஜிம்போச்சோ: பழைய புத்தகத் தெருவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

டோக்கியோவில் பழைய புத்தகம் தேட வேண்டுமென்றால் ஜிம்போச்சோதான். 100-க்கும் மேற்பட்ட கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஜப்பானிய மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம், எனக்கும் தெரியாது.

முதலில் நாளைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. மற்ற நாட்களில் பதினோரு மணி வாக்கில் போனால் சரி. மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் கதவடைத்துவிடுவார்கள்.

ஜிம்போச்சோவிலேயே சுரங்க ரயில் நிலையம் உண்டு. ஆனாலும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) சூவோ லைனில் வந்து ஒசானோமிஸுவில் இறங்குங்கள். அங்கிருந்து ஒரே இறக்கம். வழியில் கிடார் கடைகள், மெய்ஜி பல்கலைக்கழகம், கூட்டம் கூட்டமாக மாணவர்கள். 1880-களில் இந்த வட்டாரத்தில் சட்டக் கல்லூரிகள் வரிசையாக முளைத்தன. படித்து முடித்தவன் விற்க, புதிதாகச் சேர்ந்தவன் வாங்க, கடைகள் பெருகின.

இறக்கம் முடியும் நாற்சந்தியில் யாசுகுனி சாலையைக் கடந்து வலப்பக்கம் திரும்புங்கள். பெரும்பாலான கடைகள் இந்தத் தெற்கு ஓரத்தில்தான், வடக்குப் பார்த்த வாசலோடு. வெயில் பட்டால் தாள் பழுத்துவிடும் அல்லவா?

உடனே உள்ளே நுழையாதீர்கள். வாசல் தள்ளுவண்டிகளில் 100 யென்னுக்குக்கூடப் புத்தகம் கிடைக்கும். ஒன்றை எடுத்து, நம்மூர்ப் புத்தகத்தைத் திறப்பதுபோல் முன்னட்டையைத் திறந்து பாருங்கள். மேலிருந்து கீழாக அச்சிட்ட ஜப்பானியப் புத்தகத்துக்கு அதுதான் கடைசிப் பக்கம். விலையைப் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலில் எழுதியோ சீட்டு ஒட்டியோ வைத்திருப்பார்கள். தெரியாமல் திறந்தாலும் நேரே விலையில் போய் நிற்போம்!

கை பழகியபின் உள்ளே போகலாம். ஆங்கிலப் புத்தகத்துக்கு 1902-இல் தொடங்கிய கிதாசாவா. பழைய வரைபடம், மரக்கட்டை அச்சு ஓவியம் பார்க்க 1882 முதல் இருக்கும் ஓயா ஷோபோ. இங்கே எதையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். படம் எடுக்கவும் அப்படியே. பேரம் பேச வேண்டாம். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

மதியம் ஜப்பானியக் 'கறி' சோறு, அதாவது கெட்டிக் குழம்பும் சோறும். ஒரு கையில் கரண்டி, மறு கையில் புத்தகம் என்று சாப்பிட வசதியாம், அதனால்தான் இங்கே இத்தனை கறி சோற்று உணவகங்கள் என்பார்கள். பழைய புத்தகக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருக்கும் 'போண்டி' என்ற உணவகத்தில் முதலில் அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வரும். அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள், நான் நிரப்பிக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் போகிறவர்களுக்கு யோகம்: 1960 முதல் நடக்கும் பழைய புத்தகத் திருவிழா அப்போதுதான் தொடங்கும், அலமாரிகள் நடைபாதைக்கே வந்துவிடும். பெட்டியில் இரண்டு மூன்று கிலோவுக்கு இடம் விட்டுப் போங்கள்.