நேரலை தெரிகிறது என்பதால் பதிவாகிறது என்று நம்பாதீர்கள்: டி.வி.ஆர். வாங்கும்போதும் பொருத்தும்போதும் நேரும் தவறுகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுக்கு அருகில் என் தாய்மாமாவுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. குடும்பம் இருப்பது தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில். தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர், அதை ஒட்டி ஓர் ஓட்டு வீடு, சுற்றிலும் நான்கு கேமராக்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியைத் திறந்து நான்கு படங்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மாமா படுப்பார். ஒரு கார்த்திகை மாதம், உலர்ந்த காய் இரண்டு மூட்டை காணாமல் போன காலையில், முந்தைய இரவின் பதிவை எடுக்க உட்கார்ந்தோம். பதிவே இல்லை. கடைசிப் பதிவின் தேதி எட்டு மாதங்களுக்கு முந்தையது. ஹார்ட் டிஸ்க் அன்றே செத்துப்போயிருந்தது. கேமராக்களின் படத்தை வாங்கி அந்த டிஸ்கில் பதியும் டி.வி.ஆர். பெட்டியும் அப்போது விடாமல் ஒலி எழுப்பியிருக்கிறது. காது வலிக்கிறதென்று யாரோ அந்த எச்சரிக்கை ஒலியை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க் செத்தாலும், ஏன், ஹார்ட் டிஸ்கே இல்லாவிட்டாலும், நேரலைப் படம் கைப்பேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கும். பலருக்கும் இது தெரிவதில்லை. அன்று சந்தேகம் விழுந்தது, கம்பம்மெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் ஏறி வந்து காய் எடுத்துவிட்டுப் போகும் பெண்கள்மேல். அவர்களில் ஒருவர் அத்தையிடம், "நாங்கள் எடுத்தோம் என்று சொல்கிறீர்களே அக்கா, பெட்டியில் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அத்தையிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. பதிவு திருடனைக் காட்டிக்கொடுக்கிறதோ இல்லையோ, திருடாதவரைக் காப்பாற்றும். அதன் பிறகு உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் எங்கே பெட்டி மாட்டினாலும் நானே போய்ப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை.

கேமராவுக்குப் பணத்தைச் செலவழித்துவிட்டு, மிச்சத்தில் பெட்டி வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. டி.வி.ஆர். என்பது கோஆக்சியல் கேபிளில் (கேபிள் டி.வி.க்கு வரும் கம்பி போன்றது) வரும் அனலாக் கேமராக்களுக்கானது. என்.வி.ஆர். என்பது நெட்வொர்க் கேபிளில் வரும் ஐ.பி. கேமராக்களுக்கானது. ஒன்றுக்கு உரிய கேமரா மற்றொன்றில் அப்படியே வேலை செய்யாது. இரண்டையும் ஏற்கும் கலப்புப் பெட்டிகள் உண்டு, ஆனால் ஐ.பி. கேமரா எத்தனை ஏற்கும் என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் '1080' என்று பார்த்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அதன் பக்கத்தில் 'என்' (N) என்ற எழுத்தோ 'லைட்' என்ற சொல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். 1080பி என்றால் படத்தின் அகலம் 1920 புள்ளிகள். 1080என் என்றால் 960 மட்டுமே. இரண்டு மெகாபிக்சல் கேமரா வாங்கி, அதன் படத்தில் பாதியைத் தூக்கி எறியும் பெட்டியில் செருகினால், வாசலில் நின்றவர் முகம் மங்கலாகத்தான் பதியும். நான்கு கேமரா போதும் என்று நினைப்பவரும் எட்டு சேனல் பெட்டி வாங்குவது நல்லது. ஐந்தாவது கேமராவின் தேவை எல்லோருக்கும் வருகிறது.

ஹார்ட் டிஸ்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கணினிக்கான சாதாரண டிஸ்க் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கண்காணிப்புக்கென்றே தனி டிஸ்குகள் விற்கின்றன: வெஸ்டர்ன் டிஜிட்டலில் 'பர்ப்பிள்', சீகேட்டில் 'ஸ்கைஹாக்'. கடைக்காரர் 'ஒரு டிபி' (டெராபைட், அதாவது 1000 ஜிபி) என்று மட்டும் ரசீதில் எழுதினால், எந்த டிஸ்க் என்று கேட்டு, மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். மாட்டிய அன்றே பெட்டியின் அமைப்பில் டிஸ்க் நிலையைக் காட்டும் பக்கத்துக்குப் போய், அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது என்று விற்றது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் அங்கேயே கழற்றித் திருப்பிக் கொடுக்கலாம்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பது எளிய கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 24 மணி நேரம் பதிந்தால் 10.8 ஜிபி ஆகும். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் இரண்டு மெகாபிக்சல் கேமராவுக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. அப்படியென்றால் 1 டிபி டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். பழைய எச்.264 முறையில், அதே தெளிவுக்கு 4 மெகாபிட் வைத்தால், ஆறு நாள்கூட முழுதாகத் தாங்காது. டிஸ்க் நிறைந்ததும் பழையதன்மேல் புதியது எழுதப்படும். அந்த அமைப்பு அணைந்திருந்தால் பதிவே நின்றுவிடும். நகரத்து வீட்டுக்குப் பத்து நாள் போதலாம். எங்கள் பக்கத்தில் போதாது. புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குக் கொண்டுபோய் எடை போடும்போதுதான் காய் குறைந்திருப்பதே தெரியவரும். அதற்குள் வாரங்கள் ஓடியிருக்கும். முப்பது நாள் வேண்டுமென்றால் மேற்சொன்ன கணக்கில் 2.6 டிபி ஆகிறது. ஆகவே 4 டிபி டிஸ்க் வாங்குங்கள்.

இடத்தை மிச்சம் பிடிக்க, அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைப்பவர்கள் உண்டு. மலையில் அது சரிப்பட்டு வருவதில்லை. சாரல், மூடுபனி, கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடி வரும் பூச்சி, கண்ணாடிமுன் வலை பின்னும் சிலந்தி என எல்லாமே அசைவாகப் பதியும். அந்தத் தொல்லைக்காக உணர்திறனைக் குறைத்தால், தூரத்தில் நடப்பவர் விட்டுப்போவார். தொடர்ந்து பதிவதே மேல்.

அடுத்தது கேபிள். பகலில் நன்றாகத் தெரியும் கேமரா இரவில் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேமராவை மாற்றிப் பார்த்தும் பயனில்லாமல் போயிருக்கும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, கேமரா கூடுதல் மின்னோட்டம் இழுக்கிறது. மெலிந்த கம்பியில் அறுபது எழுபது மீட்டர் தாண்டி வரும் 12 வோல்ட், கேமராவை எட்டும்போது மிகவும் குறைந்துவிடுகிறது. விலை குறைந்த கேபிள்களில் இருப்பது தாமிரப் பூச்சுப் பூசிய அலுமினியம். அதன் மின்தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். தூரமான கேமராவுக்கு மின்சாரத்தை அருகிலிருந்தே கொடுப்பது நல்லது. ஐ.பி. கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பலாம். ஆனால் அந்தக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்.

கேபிளைவிடப் பெரிய எதிரி இடி. ஐப்பசியில் பிற்பகல் கறுத்துக்கொண்டு வரும் மழையைக் குமுளிப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள். அந்த மழை இடியில்லாமல் வராது. ஸ்டோருக்கும் வீட்டுக்கும் நடுவே ஆகாயத்தில் இழுத்துக் கட்டிய செம்புக் கேபிள், எங்கோ விழுந்த மின்னலின் அதிர்வைக்கூட வாங்கி, இரு முனையிலும் இருக்கும் பொருள்களை எரித்துவிடும். ஒரே மாலையில் ரூட்டர், பெட்டி, டி.வி. மூன்றும் போன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கேபிள் ஃபைபராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மின் குறிப்பை ஒளியாகவும் ஒளியை மின் குறிப்பாகவும் மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் பெட்டி இரு முனையிலும் ஒன்று போதும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இழுவைக்காக உள்ளே இரும்புக் கம்பி வைத்த ஃபைபரும் கடையில் கிடைக்கும். அதை வாங்கினால் நோக்கமே கெட்டுவிடும். வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத பிளக்கில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி மாட்டுவதால் பெரிய பயன் இல்லை.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் பெட்டியையும் ரூட்டரையும் அதில் இணைத்துவிட்டு, கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனதும் பெட்டி இருட்டைப் பதிந்துகொண்டிருக்கும். ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ்ஸில் டி.வி.ஆரையும் மாட்டுவது இன்னொரு தவறு. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது கேட்கும் மின்னோட்டத்தை அது பெரும்பாலும் தாங்காது.

வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும்போது, பெட்டியை ரூட்டருடன் கேபிளால் இணையுங்கள், வைஃபை வேண்டாம். ரூட்டரில் பெட்டிக்கென்று ஒரு நெட்வொர்க் முகவரியை (ஐ.பி. எண்) நிலையாக ஒதுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த ஒருநாள் அதே எண் வேறொரு கைப்பேசிக்குப் போய், இரண்டும் மோதிக்கொள்ளும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்குக் குறைந்த தெளிவுள்ள துணைப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். 2 மெகாபிட் முதன்மைப் படத்தை ஒரு மணி நேரம் பார்த்தால், ஒரு கேமராவுக்கே 900 எம்பி செலவாகும். சிம் போட்ட ரூட்டரை நம்பியிருக்கும் தோட்டத்து வீடுகளில் மாதக்கடைசியில் படம் நின்றுபோவது இதனால்தான். அந்தச் சிம் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பெட்டிக்குத் திருப்பிவிடுவது) செய்யப் போராடுகிறவர்களையும் பார்க்கிறேன். கைப்பேசி நிறுவனங்கள் பொதுவாக ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. எனவே வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் பெட்டியை வந்தடையாது. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைக்கும் முறையே அங்கு வேலை செய்யும்.

கம்பி வழி இணையம் உள்ள வீட்டிலும் போர்ட்டைத் திறந்துவைக்காதீர்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், உலகெங்கும் இருந்த டி.வி.ஆர். பெட்டிகளிலும் கேமராக்களிலும் புகுந்தது. அதற்குத் தேவைப்பட்டது தொழிற்சாலையில் வைக்கும் அறுபது சொச்சம் பயனர்பெயர்–கடவுச்சொல் ஜோடிகள் மட்டுமே. அந்தப் பெட்டிகளைப் படையாகத் திரட்டி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை முடக்கினார்கள். பெட்டிகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. இந்தியாவிலும் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பழைய இருப்பை மலிவாகத் தள்ளிவிடும் கடைகளில் கவனமாக இருங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் எங்கள் ஊரில் நடப்பது வேறு வகை. பொருத்த வந்தவர் தன் கைப்பேசியிலேயே கணக்கைத் தொடங்கி, வீட்டுக்காரருக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போகிறார். கெட்ட எண்ணம் இல்லாமல், அவசரத்தில்தான் செய்கிறார். ஆனால் உங்கள் வீட்டு முற்றம் இனி அவர் கைப்பேசியிலும் தெரியும். அவர் எண்ணை மாற்றிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டால், பெட்டியை மீட்டெடுப்பதும் கடினம். கணக்கு உங்கள் எண்ணில், உங்கள் முன்னிலையில் தொடங்கப்பட வேண்டும். கடவுச்சொல்லை நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

நேரம் சரியாக இல்லாத பெட்டிகள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். சீனாவில் தயாரான பெட்டி பெய்ஜிங் நேர வலயத்திலேயே விடப்பட்டிருந்தால், இணையத்திலிருந்து தானாக நேரம் வாங்கும்போது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இரவு ஒரு மணிக்கு நடந்தது மூன்றரை என்று பதியும். அமைப்பில் வலயத்தை +5:30 என்று மாற்றி, கோடைகால நேரம் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். தோட்டம் இடுக்கி மாவட்டத்திலும் வீடு தேனி மாவட்டத்திலும் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்கள் கேமராவில் தெரிந்த வண்டியைச் சோதனைச்சாவடிக் கேமராவுடன் ஒப்பிடும்போது, இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்.

போலீசுக்குக் கொடுக்க வேண்டி வந்தால், திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். பெட்டியிலிருந்தே பென் டிரைவில் மூலப் பதிவை எடுங்கள். அதன்மேல் புதியது எழுதப்படுவதற்குள் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்பதை அதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்டியை டி.வி.க்குக் கீழே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். விவரம் தெரிந்த திருடன் முதலில் தூக்குவது அதைத்தான். காற்றுப் புகும் பூட்டிய அலமாரி போதும். கேமராவை எங்கே திருப்புகிறோம் என்பதையும் யோசியுங்கள். தொழிலாளர் லயத்தின் குளியலறைப் பக்கமோ, பக்கத்து வீட்டு அடுக்களைப் பக்கமோ திரும்பிய கேமரா காவல் அல்ல, அத்துமீறல். திரையில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது.

மாமா வீட்டில் இப்போது அத்தைதான் பொறுப்பு. அமாவாசைதோறும் ஸ்டோரைக் கழுவிச் சாம்பிராணி போட்ட பிறகு பெட்டி முன் உட்கார்ந்து, முந்தைய இரவு இரண்டு மணிப் பதிவை ஒவ்வொரு கேமராவாகத் திறந்து பார்க்கிறார். நிலா இல்லாத இரவில் முகம் தெரிகிறதா, மணி சரியா, எத்தனை நாள் பழைய பதிவு வரை கிடைக்கிறது என்று மூன்றையும் பார்த்து, காலண்டரில் ஒரு கோடு போடுகிறார். போன மாதம் மூன்றாவது கேமராவில் சிலந்தி வலை. எச்சரிக்கை ஒலியைத் திரும்பவும் போட்டிருக்கிறோம்.