ஃபுகுஷிமாவிலிருந்து கடலில் கலந்த சீசியம்: நாமே கணக்குப் போடலாம்

2011 விபத்தில் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்திலிருந்து எவ்வளவு சீசியம்-137 (கதிரியக்கப் பொருள்) நேரடியாகக் கடலுக்குப் போனது? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். ஏன் என்று புரிய ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும், இதற்கெல்லாம் பைத்தான் வேண்டாம்.

முதலில், கண்ணுக்குத் தெரிந்த கசிவு. 2-ஆம் உலையருகே ஒரு குழியின் விரிசலிலிருந்து கடலுக்குத் தண்ணீர் கொட்டுவதை ஏப்ரல் 2 அன்று பார்த்தார்கள், 6-ஆம் தேதி அடைத்தார்கள். நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் வைத்த கணக்கு: மணிக்கு 4.3 கன மீட்டர் வீதம் ஐந்து நாள், சுமார் 520 கன மீட்டர். ஒரு கன சென்டிமீட்டரில் 18 லட்சம் பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு, நொடிக்கு ஓர் அணுச் சிதைவு). கன மீட்டருக்கு மாற்ற 10 லட்சத்தால் பெருக்கி, 520-ஆலும் பெருக்கினால் 0.94 பெட்டாபெக்கரல் (பெட்டா என்றால் 1-க்குப் பின் 15 சுழியம்). ஆனால் இது அந்த ஒரு ஓட்டையின் கணக்கு மட்டும்தான். கடல்நீர் அளவீடுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டவர்களுக்கு 3.5 முதல் 27 பெட்டாபெக்கரல் வரை வந்தது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத கசிவு. டோக்கியோ கடல்சார் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோட்டா கண்டாவின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டையை அடைத்தபின் நிலையத்தின் துறைமுகத்துக்குள் சீசியம் எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்று பார்த்தால், வெளிக்கடலோடு தண்ணீர் மாறும் வேகம் கிடைத்துவிடும். அவருக்கு வந்தது நாளுக்கு 0.44.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். 0.44 என்றால் தினமும் 44 சதவீதம் குறைகிறது என்று அர்த்தமில்லை. இன்று 1000 பெக்கரல் இருந்தால் நாளை 644 இருக்கும், 1000-ஐ 644-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால்தான் 0.44. கால்க்கில் எல்என் சார்பைப் போடுங்கள். எல்ஓஜி போட்டால் 10 அடிமான மடக்கை வந்து விடை 2.3 மடங்கு சிறுத்துவிடும். இரண்டு நாள் அளவை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், மடக்கை அச்சில் எல்லாப் புள்ளிகளையும் போட்டு நேர்கோடு விழுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் சுலபம். பல வாரமாகச் செறிவு அதிகம் மாறாமல் நின்றால், வெளியே போகிற அளவுக்கு உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். செறிவு, துறைமுக நீரின் கன அளவு (கன மீட்டரில்), 0.44 மூன்றையும் பெருக்குங்கள். செறிவு லிட்டருக்கு என்றால் 1000-ஆல் பெருக்க மறக்காதீர்கள். கண்டாவுக்கு 2011 கோடையில் நாளுக்கு 93 கிகாபெக்கரலும் (கிகா என்றால் 100 கோடி), 2012 கோடையில் 8.1-உம் வந்தன. குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. இந்தக் கணக்கைப் போட வேண்டியதே அதற்காகத்தான்.

பிற்சேர்க்கை: பழைய அணுகுண்டுச் சோதனைகளின் சீசியமும் இதில் கலந்திருக்காதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். விபத்துக்கு முன் ஜப்பான் கடலோரத்தில் கன மீட்டருக்கு 1 முதல் 2 பெக்கரல்தான் இருந்தது, துறைமுகக் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை. தொலைவில் எடுத்த மாதிரி என்றால் சீசியம்-134 இருக்கிறதா பாருங்கள். அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 2 ஆண்டு, ஆகவே குண்டுச் சோதனைக் காலத்தது எப்போதோ அழிந்துவிட்டது. இருந்தால் அது ஃபுகுஷிமாவினுடையது.