லாயக் குப்பையைப் பாதுகாப்பாக மட்க வைக்கும் முறை

சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 20 கிலோவுக்கும் அதிகமாக லத்தி போடும். லத்தியில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழச் சரியான விகிதத்தில் இருப்பதால் அது தானாகவே சூடேறி மட்கிவிடும். தொல்லை தருவது அதனுடன் வரும், குதிரை படுக்க லாயத்தில் பரப்பும் படுக்கைதான். வைக்கோலைச் சமாளித்துவிடலாம். மரத்தூளோ கரிமம் மிகுந்தது. அரைகுறையாக மட்கிய நிலையில் வயலில் இட்டால் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிரை வெளிறச் செய்துவிடும். ஆகவே உலர்ந்த மரத்தூளை லாயத்திலேயே உதிர்த்துவிட்டு, நனைந்ததை மட்டும் அள்ளுங்கள். அதுவும் மிகுதியானால் பசும்புல்லோ கோழி எருவோ கலந்துகொள்ளுங்கள்.

கிணற்றுக்கும் நீரோடைக்கும் விலகிய மேட்டு நிலத்தில், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் குவித்து, மழை இறங்காதபடி மூடுங்கள். சூடான குவியல் சில நேரம் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால் லாயச் சுவரையோ வைக்கோல் போரையோ ஒட்டிக் குவிக்கக் கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியும்போது விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் உலர்ந்த வைக்கோலையும், உதிர்ந்தால் தண்ணீரையும் சேர்க்க வேண்டும்.

குதிரை அசைபோடாத விலங்கு. களை விதைகள் பல முளைப்புத் திறன் கெடாமலே லத்தியில் வந்துவிடும். அவற்றையும் குடற்புழு முட்டைகளையும் அழிக்க, திறந்தவெளிக் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் 15 நாட்கள் இருக்க வேண்டும். அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். நடுப்பகுதி கொதிக்கும்போதும் ஓரம் குளிர்ந்தே கிடப்பதால், முட்டைகளும் ஈப்புழுக்களும் அங்கேதான் பிழைத்திருக்கும். வெளியே இருப்பதை உள்ளே தள்ளாமல் வெறுமனே கிளறிவிடுவது வீண் உழைப்பு. நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. வெப்பம் 70ஐ நெருங்கினால் குவியலைப் பிரித்து ஆறவிடுங்கள்.

இந்தச் சூட்டிலும் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் சாவதில்லை. ஆகவே தடுப்பூசியும் கையுறையும் கட்டாயம். உலர்ந்த குவியலைப் புரட்டும்போது பூஞ்சைத் தூசு கிளம்புவதால் முகக்கவசமும் வேண்டும்.

புரட்டிய பின்பும் சூடேறாமல், மண்வாசம் வீசத் தொடங்கினால் மேலும் ஓரிரு மாதம் ஆறப்போடுங்கள். தீவனப் புல்லில் தெளித்த அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் குதிரையின் குடலையும் குவியலின் சூட்டையும் கடந்து எருவில் தங்கிவிடக்கூடும். எருவைத் தொட்டி மண்ணோடு கலந்து பீன்ஸ் விதை ஊன்றி, இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள்; புதிய இலைகள் கிண்ணம்போல் சுருண்டு தண்டு முறுக்கிக்கொண்டால், அந்த எருவைக் காய்கறிப் பாத்தியில் இடக் கூடாது.